தேக்காவில் பத்து வெள்ளி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2011இல் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்ப்பேன். ஒரு கோப்பைத் தேநீருக்கு நாற்பது ரூபாயா என்று மனம் கணக்குப் போட்டதும் கால் தானாகத் திரும்பிவிடும். காலையில் ஒன்றுமில்லை, மதியம் வெறும் ரொட்டி, இரவு மேகி. மூன்றாவது மாதம் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். அன்று மருந்தகத்தில் கட்டிய தொகைக்கு இரண்டு வாரம் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கைகள் இன்றைக்கும் இதையேதான் செய்கிறார்கள். அண்மையில் வந்து சேர்ந்த என் சித்தப்பா மகனும் செய்தான். அவனை ஒரு சனிக்கிழமை முழுக்க, லிட்டில் இந்தியாவில் சந்தையும் உணவுக் கடைகளும் உள்ள தேக்காவில் கூட்டிக்கொண்டு சுற்றினேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்க்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எதை வாங்குவது என்று தெரிந்துகொண்டால் மூன்று வேளையும் சாப்பிட்டு ஊருக்கும் பணம் அனுப்பலாம்.

இன்னொன்று: இங்கே தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள், சென்ட்டை 'காசு' என்பார்கள். 'மூணு வெள்ளி அம்பது காசு' என்று கடைக்காரர் சொன்னால் விழிக்காதீர்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். விலைகள் நான் இதை எழுதும் காலத்தில் ஏறத்தாழ உள்ளவை. கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

கிளம்பும் முன்

ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், சில்லறையாகப் பத்து இருபது வெள்ளி. இவை மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள்.

துணிப்பை எதற்கென்றால், 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. தண்ணீர் பாட்டில், ஏனென்றால் சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது இந்த ஊரில் தேவையே இல்லாத செலவு. பல உணவுக் கடைகளில் வெறும் தண்ணீருக்கும் காசு கேட்பார்கள்.

வங்கிக் கணக்கு திறந்ததும், கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். காய்கறிக் கடைவரைக்கும் இப்போது கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறது. ஆனாலும் முதல் சில மாதம் ரொக்கமாகச் செலவழிப்பது நல்லது என்பது என் எண்ணம். பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். ரொக்கமாகக் கொடுக்கும்போது பில் 5 காசுக்கு நெருக்கமாகச் சரிசெய்யப்படும். ஒரு காசு நாணயம் அச்சடிப்பதை 2002இலேயே நிறுத்திவிட்டார்கள். மீதியில் புருணை நோட்டு வந்தால் பயப்பட வேண்டாம். 1967 ஒப்பந்தப்படி புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் சரிக்குச் சரி, இங்கே செல்லும்.

முதலில் சாப்பிடுங்கள்

பசியோடு சந்தைக்குள் போனால் பை நிறையும், பணப்பை காலியாகும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பஃபலோ ரோடு பக்கமாக வெளியே வந்தால் எதிரிலேயே தேக்கா நிலையம். இப்போதுள்ள கட்டடம் 1982இல் ஜூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறந்தது. அந்தப் பெயர் மக்கள் வாயில் ஒட்டவே இல்லை. 2000இல் தேக்கா என்றே மாற்றிவிட்டார்கள். ஹொக்கியன் மொழியில் சிறுமூங்கில் அடிவாரம் என்று பொருள். அதற்கு முந்தைய பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பேர், மலாயில் எருமைப்பட்டி. பக்கத்துத் தெருக்களைப் பாருங்கள்: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு. எல்லாம் இங்கே மாட்டு வியாபாரம் நடந்த காலத்தின் மிச்சம். கேகே மருத்துவமனையின் இரண்டு 'கே'யும் இதே கண்டாங் கெர்பாவ்தான்.

தேக்காவின் தரைத்தளத்தில் ஒரு பக்கம் உணவங்காடி, மறுபக்கம் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை. மாடியில் துணிக்கடைகள். உணவங்காடிக்குள் நுழைந்ததும் முதல் கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எல்லாக் கடையிலும் விலைப்பலகை மாட்டியிருக்கும். வெறும் பரோட்டா ஒன்று ஒன்றரை வெள்ளிக்கு முன்பின் இருக்கும், முட்டை போட்டால் கூடும். தோசை இரண்டு வெள்ளியை ஒட்டி. கோழிப் பிரியாணி ஆறிலிருந்து எட்டு. எந்தக் கடைமுன் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அதில் நில்லுங்கள். சுற்றுலாப் பயணிகளைக் கையசைத்துக் கூப்பிடும் கடையை நான் தவிர்ப்பேன்.

வயிறு நிறைய வேண்டும், செலவு குறைய வேண்டும் என்றால் காலை நேரம்தான் சரி. இரண்டு பரோட்டாவும் குழம்பும், அல்லது தோசையும் வடையும், ஒரு தேநீரும் ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் 'அண்ணே, கொஞ்சம் கறி ஊத்துங்க' என்று கேளுங்கள். இங்கே பரோட்டாக் கடையில் கறி என்றால் குழம்பு. ஊற்றிவிடுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

தேநீர் வாங்குவது இங்கே ஒரு தனி மொழி. கற்றுக்கொள்ளாவிட்டால் வேண்டாத சர்க்கரைக்கும் பனிக்கட்டிக்கும் காசு கொடுப்பீர்கள். 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் விட்டது வரும், நன்றாகத் தித்திக்கும். 'தே ஓ' பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. 'தே சி' சர்க்கரையோடு ஆவிப்பால், அதாவது இனிப்பில்லாத கெட்டிப்பால் விட்டது. ஊர் டீக்கு ஓரளவு கிட்டே வரும். 'சியூ தாய்' என்று சேர்த்தால் இனிப்புக் குறைப்பார்கள். 'காவ்' என்றால் ஸ்ட்ராங்காக. 'பெங்' என்றால் பனிக்கட்டி போட்டது, அதற்கு இருபது முப்பது காசு கூடுதல். இஞ்சித் தேநீர் 'தே ஹாலியா', ஆற்றிக் கொடுப்பது 'தே தாரிக்'. காப்பிக்கும் இதே விதிதான், 'தே' இருக்கும் இடத்தில் 'கோப்பி' போடுங்கள். மலிவானது எப்போதும் தே ஓவும் கோப்பி ஓவும்தான். எங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் நாளுக்கு நான்கு தே பெங் குடித்தார். தே ஓ கோசோங்குக்கு மாறிய பிறகு மாதச் செலவு குறைந்ததோடு சர்க்கரை நோய் மருந்தின் அளவையும் மருத்துவர் குறைத்தார் என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

பார்சல் வேண்டுமென்றால் 'தபாவ்' என்று சொல்லுங்கள். டப்பாவுக்குத் தனியாக இருபது முப்பது காசு போடும் கடைகள் உண்டு. சொந்த டப்பா கொண்டுபோனால் அது மிச்சம். தபாவ் வாங்கியதை எம்ஆர்டிக்குள் பிரிக்காதீர்கள். ரயிலில் சாப்பிட்டால், குடித்தால் 500 வெள்ளிவரை அபராதம்.

மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இங்கே அதை 'சோப்' செய்வது என்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். அதைப் பார்த்து வையுங்கள், அது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் முஸ்லிம் சகோதரருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

குளிரூட்டிய உணவகத்தின் கணக்கு

ரேஸ்கோர்ஸ் ரோடு வாழை இலைச் சாப்பாடும் மீன் தலைக் கறியும் சம்பள நாளுக்கு உரியவை. போகக் கூடாது என்று சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து போங்கள். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அந்த விலைமேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகைமேல் பொருள் சேவை வரியும் ஏறும். வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. 10 வெள்ளிச் சாப்பாடு சேவைக் கட்டணத்தோடு 11 ஆகி, வரியோடு 11 வெள்ளி 99 காசாக முடியும். உணவங்காடியில் சேவைக் கட்டணம் கிடையாது, பலகையில் உள்ளதே விலை.

நான் வந்த புதிதில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததும் ஈர டிஷ்யூவும் ஒரு கிண்ணம் கடலையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஊர்ப் பழக்கத்தில் உபசாரம் என்று நினைத்துவிட்டேன். பில்லில் இரண்டும் ஏறியிருந்தன. கேட்காமல் மேசைக்கு வந்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 'இது வேண்டாங்க' என்று சிரித்துச் சொன்னால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குளிரூட்டிய இடத்தில் நிதானமாக உட்கார்ந்து சைவம் சாப்பிட ஆசையாக இருந்தால், சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. வீட்டு நினைவு வந்து தொண்டை அடைக்கும் நாளில் அங்கே ஒரு தோசை சாப்பிட்டு வருவது வீண்செலவாகாது.

காய்கறியும் மீனும்

என் தம்பி முதலில் முருங்கைக்காயிடம் போனான். எல்லாரும் அப்படித்தான். பஃபலோ ரோட்டில் கடை வாசலில் முருங்கை, சின்ன வெங்காயம், கொத்தவரை, வாழைப்பூ என்று ஊர் மணக்க அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் அவற்றில் பல இந்தியாவிலிருந்து விமானத்தில் வருபவை. விமானக் கூலியும் விலையில்தான் இருக்கிறது. மலேசியாவிலிருந்து கடற்பாலம் வழியாக லாரியில் வரும் காய்தான் மலிவு. கங்கோங், சாய் சிம், பாயாம் கீரைகள், நீளப் பயற்றங்காய், கத்தரி, வெண்டை, கேமரன் மலை முட்டைக்கோஸ். பாயாம் வேறொன்றுமில்லை, நம் முளைக்கீரை வகைதான். பருப்பில் போட்டுக் கடைந்தால் வித்தியாசமே தெரியாது. கங்கோங்கை மட்டும் பூண்டும் மிளகாயும் போட்டு அதிகத் தீயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். நம் கீரை மாதிரி வேகவிட்டால் குழைந்துவிடும்.

மீனும் அப்படியே. வஞ்சிரத்தை மலாயில் தெங்கிரி என்பார்கள், விலை எகிறும். கெம்போங் என்று கேளுங்கள், அது கானாங்கெளுத்தி. குழம்புக்கும் வறுவலுக்கும் அதைவிட ருசியான மீன் எனக்குத் தெரியாது, விலையோ வஞ்சிரத்துக்குக் கீழே வெகுதூரம். கடைக்காரர் சுத்தம் செய்து தருவார், அதற்குக் காசில்லை. ஆனால் கூட்டம் நெருக்கும் நேரத்தில் கேட்டால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மீன் வாங்கப் போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். உணவங்காடியும் சந்தையும் சில நாள் சுத்தப்படுத்த மூடப்படும். தூரத்திலிருந்து வருபவர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

அளவைக் கவனியுங்கள். வயதான சீனக் கடைக்காரர்கள் இன்னும் 'கட்டி' கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம். பக்கத்துக் கடை கிலோ விலை எழுதியிருக்கும், பேரங்காடியில் சில பொருளுக்கு 100 கிராம் விலை எழுதியிருக்கும். மூன்றையும் கிலோவாக மாற்றிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும். ரூபாய்க் கணக்கை விடுங்கள், இந்தக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். எழுத்தில் சின்ன எண்ணாகத் தெரிந்த முந்திரிப்பருப்பு 100 கிராம் விலை என்பது பணம் கட்டும் இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

எந்த நேரம் போவது? நல்ல மீன் வேண்டுமென்றால் காலை ஏழு, எட்டு மணி. மலிவு வேண்டுமென்றால் ஈரச்சந்தை மூடப்போகும் நண்பகலை ஒட்டி. வெளியே உள்ள காய்கறிக் கடைகளுக்கு மாலை. மறுநாளுக்குத் தாங்காத தக்காளி, வெண்டை, கீரை எல்லாம் சின்னத் தட்டுகளில் குவித்து 'ஒரு வெள்ளி, ஒரு வெள்ளி' என்று வைத்துவிடுவார்கள். அன்றே சமைப்பதாக இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். காய்கறிக்குப் பேரம் பேசுவதை நான் விட்டுவிட்டேன். இரண்டு மூன்று காய் வாங்கியதும் 'அக்கா, கொஞ்சம் கருவேப்பிலை போடுங்க' என்று கேட்பேன். பெரும்பாலும் போடுவார்கள். தனியாக வாங்கினால் அதுவே ஒரு செலவு.

முஸ்தபா

சையது ஆல்வி ரோட்டில் இருக்கும் இந்தக் கடைக்குள் முதல் தடவை போகிறவர் இரண்டு மணி நேரமாவது தொலைந்துபோவார். முன்பெல்லாம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அப்படி இல்லை, ஆனாலும் நள்ளிரவு தாண்டியும் வியாபாரம் நடக்கும். வாசலில் உங்கள் பையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார்கள், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம், எல்லாருக்கும் அதுதான்.

முஸ்தபாவில் எல்லாமே மலிவு என்று ஊரிலேயே கேள்விப்பட்டு வந்திருப்பீர்கள். அது முழு உண்மை இல்லை. பருப்பு, மசாலா, பொன்னி அரிசி, ஊர் சோப்பு, தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் வகை அதிகம், விலையும் நியாயம். பால், முட்டை, ரொட்டி, துவைக்கும் தூள் போன்றவற்றை உங்கள் புளோக்குக்கு, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் ஷெங் சியோங், ஃபேர்பிரைஸ் போன்ற பேரங்காடிகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். பலமுறை அங்கேதான் குறைவாக இருக்கும். ஃபேர்பிரைஸ் என்பது தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1973இல் விலைவாசியைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய கூட்டுறவுக் கடை. அவர்களுடைய சொந்த முத்திரைப் பொருள்கள் இருக்கும் அடுக்கைத் தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் கண்ணுக்கு நேரே இல்லாமல் கீழ்த்தட்டில் இருக்கும். முப்பது முட்டை அட்டை, உறைந்த கோழி, உறைந்த பட்டாணி: தனியாகத் தங்கிச் சமைப்பவருக்குப் புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ள இந்த மூன்றும் போதும். இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் ரொட்டி, நறுக்கிய பழம், இறைச்சி ஆகியவற்றில் விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். தேதியைப் பார்த்து எடுங்கள்.

உங்கள் பேட்டையிலேயே

தினமும் தேக்காவுக்கு வர முடியாது. தோ பாயோவோ, உட்லண்ட்ஸோ, ஜூரோங்கோ, தங்கியிருக்கும் புளோக்கின் அடியில் ஒரு கோப்பிக் கடை இருக்கும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது தட்டில் குழம்பும் பொரியலும் வைத்திருக்கும் சீனக் கடைதான் 'சாய் பெங்', எகனாமிக் ரைஸ். விரலை நீட்டிக் காட்டினால் சோற்றின்மேல் அள்ளிப் போடுவார்கள். இரண்டு காய், ஒரு முட்டை அல்லது கோழி, நான்கு வெள்ளிக்கு முன்பின். மீன்துண்டையும் இறாலையும் காட்டினால் விலை தாவிவிடும். போடுவதற்கு முன்னால் 'ஆன்ட்டி, திஸ் ஒன் ஹவ் மச்?' என்று கேட்டுவிடுங்கள். எண்ணிக்கைதான் விலை என்பதால், பெரிய காய்கறித் தட்டு எதுவோ அதையே இரண்டு பங்கு கேட்பேன்.

அங்கே பன்றி இறைச்சி இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதைத் தவிர்ப்பவர்கள் சோற்றோடு பல கறிவகை வைத்திருக்கும் மலாய்க்காரர்களின் நாசி பாடாங் கடைக்கோ நம் முஸ்லிம் கடைக்கோ போகலாம்; மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் எங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி: சீன சைவக் கடைகள் தீவெங்கும் உண்டு, காலையில் அவர்கள் விற்கும் சைவ பீஹூன் (அரிசிச் சேமியா) மூன்று நான்கு வெள்ளிக்குள் வயிற்றை நிறைக்கும். இறைச்சி போலத் தெரிவது பெரும்பாலும் சோயாவும் கோதுமையும்தான். முட்டை மட்டும் சில கடைகளில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் விரதம் இருப்பதால் அங்கே கூட்டம் நெரியும். மிடில் ரோட்டில் உள்ள ஃபார்ச்சூன் சென்டரில் இத்தகைய கடைகள் நிறைய. வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கோப்பிக் கடைகள் பலவற்றில் இப்போது மலிவு விலைச் சாப்பாடு வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு; மூன்றரை வெள்ளியை ஒட்டி இருக்கும். எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை 'பட்ஜெட் மீல் கோ வேர்' என்ற அரசு இணையத்தளத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டுத் தேடலாம். குடியுரிமை பார்ப்பதில்லை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரும் அந்த விலைக்கே சாப்பிடலாம். என்னிடம் பலர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள்.

தயக்கம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிராங்கூன் ரோட்டு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அன்னதானம் உண்டு. டவுனர் ரோட்டில் உள்ள மத்திய சீக்கியர் கோயிலில் மதம் பாராமல் லங்கர் உணவு கொடுப்பார்கள். தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் மாலை நேரம் நோன்புக் கஞ்சி வாங்கலாம். சம்பளம் தாமதமான மாதத்தில் எனக்கு இவை சோறு போட்டன. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. நிலைமை சரியான பிறகு ஒருநாள் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

துணி, பாத்திரம், பழைய சாமான்

பேரம் பேச வேண்டிய இடம் தேக்கா மாடி. சேலை, சுடிதார், வேட்டி, தைத்துக் கொடுக்கும் கடை எல்லாம் அங்கே. ஒன்றுக்கு விலை கேட்காதீர்கள். மூன்று எடுத்து ஒன்றாக வைத்து 'சேர்த்து எவ்வளவுக்குத் தருவீங்க அக்கா?' என்று கேளுங்கள். காலையில் முதல் வியாபாரம் தட்டிப்போகக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு, அந்த நேரத்தில் விலை இறங்கும். ஆனால் பேசி முடித்த பிறகு வாங்காமல் போகாதீர்கள்.

பழைய சாமானுக்கு முன்பு சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது கரோசெல் செயலிதான். நாடு மாறிப் போகிறவர்கள் மெத்தை, மேசை, சைக்கிள், மின்விசிறி என்று சும்மாவே கொடுத்துவிடுவதும் உண்டு. நேரில் பார்த்து, பொருளைக் கையில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற எண்ணில் மோசடித் தடுப்பு உதவி கிடைக்கும். சோறு சமைக்கும் குக்கர், மின்விசிறி போன்ற மின்சாதனங்களில் 'சேஃப்டி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் முத்திரை இல்லாத குக்கர் ஒன்று வயர் உருகிப் புகைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வெள்ளி மிச்சத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

கைப்பேசி வாங்கும்போது மொத்த விலையையும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணத்தை நீட்டுங்கள். ஏமாற்றப்பட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலே போகக்கூடிய சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும்

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா முழுக்க நம் ஆட்கள். ஊர்க்காரரைப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. மலிவாக வாங்க அதைவிட மோசமான நாளும் இல்லை. கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. முடிந்தால் வாங்கும் வேலையை வார நாள் இரவில் முடித்துவிட்டு, ஞாயிறு பேசுவதற்கு மட்டும் வாருங்கள். வார இறுதியில், அதாவது சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணிவரை, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பொது இடத்தில் மது அருந்தத் தடை. தெரியாமல் செய்தேன் என்று சொன்னாலும் அபராதம் நிற்காது.

தீபாவளிக்குக் கேம்பல் லேன் பக்கம் கடைகள் போடுவார்கள். புதுத்துணி, விளக்கு, தோரணம், பலகாரம் எல்லாம் உண்டு. முதல் வாரம் போய் விலை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு வியாபாரிகள் மிச்சத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இரவு ஏற ஏற விலை இறங்கும். உங்கள் அளவுச் சட்டை அதுவரை இருக்குமா என்பது உறுதியில்லை. பலகாரத்தை மட்டும் அந்த நேரத்துக்குத் தள்ளாதீர்கள், நல்லது எல்லாம் முன்பே தீர்ந்துவிடும்.

போன சனிக்கிழமை தம்பி தனியாகப் போனான். பத்து வெள்ளியில் என்ன வாங்கினான் என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இரண்டு வெறும் பரோட்டா 3.00. தே ஓ 1.20. கங்கோங் ஒரு கட்டு 1.00. தக்காளி ஒரு தட்டு 1.00. வெண்டைக்காய் ஒரு தட்டு 1.00. கெம்போங் 2.50. மீதி 30 காசு. கருவேப்பிலைக்கு நேரே கோடு போட்டு 'அக்கா குடுத்தாங்க' என்று எழுதியிருந்தான். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மீன் குழம்பு, ரூமில் இருக்கும் நாலு பேருக்கும் சேர்த்து வைத்தேன் என்றான்.